எல்லோரும் பார்க்கும்படி ஒரு கல்யாணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் மாவட்டத்தில், ஆவணி மாத ஞாயிறு ஒன்றில் நடந்த திருமணம் இது. மணமகள் கணக்கு ஆசிரியை. மணமகன் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். மணமகனுக்கும் அவருடைய அக்காவுக்கும் கேட்கும். வீட்டுக்குள் நால்வரும் பேசிக்கொள்வது சைகை மொழியில்தான். மணமகளும் பழக ஆரம்பித்த நாளிலிருந்து அதைக் கற்றுக்கொண்டு, இப்போது மாமியாரோடு வம்பளக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். அழைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 350 பேர். அவர்களில் 60 பேர் வரை காது கேளாதோர்.

அந்தத் திருமணத்தின் ஏற்பாடுகளை ஒருங்கிணைத்தவன் நான். இருவரின் சம்மதத்தோடு, அடையாளங்களை விலக்கிவிட்டு எழுதுகிறேன்.

"எங்க ஸ்டைல்ல ஒரு கல்யாணம் வேணும்" என்று கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கைப்பேசியைத்தான் நீட்டுவார்கள். மேடைப் பின்னணி, பூ வளைவு, உடை நிறம் என்று சேமித்து வைத்த படங்கள் அதில் இருக்கும். இவர்களிடம் படம் எதுவும் இல்லை. மணமகள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, ஆஸ்பத்திரி, பேங்க், ஸ்கூல் மீட்டிங்னு சின்ன வயசுலேர்ந்து இவர்தான் அவங்க ரெண்டு பேருக்கும் எல்லாத்தையும் சைகையில மாத்திச் சொல்லிக்கிட்டே இருக்காரு. கல்யாணத்தன்னிக்கு ஒருநாளாவது இவர் யாருக்கும் எதையும் மாத்திச் சொல்லக் கூடாது. மாப்பிள்ளையா மட்டும் உக்காரணும்."

அந்த ஒரு கோரிக்கையிலிருந்தே மற்ற எல்லா முடிவுகளும் பிறந்தன. ஒரு கல்யாணம் அந்த இருவருடையதாகத் தெரிய வேண்டுமானால், யார் எந்த நொடியைத் தவறவிடக் கூடாது என்பதை முதலில் தீர்மானித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேடையும் நேரமும் செலவும் அதற்கேற்ப அமையும். நிறத்தைக் கடைசி வாரத்தில் கூட முடிவு செய்துகொள்ளலாம்.

சட்டம் எவ்வளவு இடம் தருகிறது

இருவரும் சுயமரியாதைத் திருமணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிமையானது. காதில் விழாத மந்திரத்துக்கு நடுவே இரண்டு மணி நேரம் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைக்க மணமகனுக்கு மனம் இல்லை.

இந்த வடிவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த திருமணத்தையே முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வார்கள். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோர் அப்படி மணந்துகொண்டாலும் சட்டத்தின் கண்ணில் அவற்றுக்கு மதிப்பு இல்லை. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது.

7-ஏ கேட்பது மிகக் கொஞ்சம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது உடனிருக்க வேண்டும். ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக இருவரும் தங்களுக்குப் புரியும் எந்த மொழியிலாவது சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை, தீ வலம் வரவும் தேவையில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது என்பதை 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பொது அறிவிப்பு இல்லாத திருமணம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னதை அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது. மணவயது, ஏற்கெனவே வாழ்க்கைத் துணை இல்லாமை போன்ற பொது நிபந்தனைகள் எல்லோருக்கும் போல இங்கும் பொருந்தும். இருவரில் ஒருவர் வேறு மதம் என்றால் 7-ஏ உதவாது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போய், 30 நாள் அறிவிப்புக் காலம் காத்திருக்க வேண்டும்.

"புரியும் எந்த மொழியிலாவது" என்ற சொற்களை மணமகளிடம் படித்துக் காட்டியபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப சைகையில சொல்லலாமா?" சொல்லலாம் என்பதே என் பதில். இருவருக்கும் அந்த மொழி தெரியும். கூடவே தமிழிலும் சொல்லி, தாலியும் கட்டப்போகிறார்கள். சட்டம் கேட்பதைவிட அதிகமாகவே நடக்கப்போகிறது.

நம் ஊரில் கல்யாணத்தை ஒரே அச்சில் வார்ப்பது சட்டமில்லை. மண்டபத்தின் நேர அட்டவணையும், டெகரேஷன்காரரின் கையிருப்பும், வீடியோ எடுப்பவரின் வழக்கமும், "எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்ற பெரியப்பாவின் வாக்கியமும்தான்.

நாளும் பொழுதும்

சைகை மொழிக்கு வெளிச்சம் வேண்டும். இரவு வரவேற்பு வைத்தால், பத்து மணிக்கு மேல் மண்டபத்தார் ஒவ்வொரு விளக்காக அணைக்கத் தொடங்குவார்கள். கேட்பவர்கள் இருட்டிலும் பேசியபடி வாசலுக்கு நடந்துவிடுவார்கள். காது கேளாதவர்களுக்கு விளக்கு போனால் பேச்சும் போய்விடும். அதனால் மாலை வரவேற்பே வேண்டாம், பகலில் ஒரே நிகழ்ச்சி என்று முடிவானது.

அதிகாலை முகூர்த்தமும் ஒத்துவரவில்லை. மணமகனின் அப்பா படித்தது உறைவிடப் பள்ளியில். நம் மாநிலத்தில் காது கேளாதோர் பள்ளிகள் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வந்தாலும் — பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே உருவானது — எண்ணிக்கையில் அவை குறைவு. அதனால் ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஏழெட்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்கள் முதல் பேருந்தைப் பிடித்து வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். எனவே பத்தரை மணிக்கு நிகழ்ச்சி.

முகூர்த்த நாளாக இல்லாத ஞாயிறு என்பதில் மணமகளின் அம்மாச்சிக்குத்தான் சங்கடம். ஆவணி மாதம் என்றதும் பாதி இறங்கி வந்தார். ஞாயிறு ராகுகாலம் மாலை நாலரை முதல் ஆறு, எமகண்டம் பன்னிரண்டு முதல் ஒன்றரை, பத்தரை மணி சுத்தமாக இருக்கிறது என்று மணமகளே எடுத்துச் சொல்லவும் மீதியும் இறங்கினார். நம்பிக்கை இல்லாதவர்கள் நம்பிக்கை உள்ளவருக்காக நாள்காட்டியைப் புரட்டியதில் எனக்கு மகிழ்ச்சிதான். இருவரின் பாணியில் பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் விதமும் அடங்கும். முகூர்த்த நாள் அல்ல என்பதால் மண்டபம் பேரத்துக்கு வந்தது, மல்லிகை விலையும் கட்டுக்குள் இருந்தது. அவர்கள் விரும்பிய சைகை மொழிபெயர்ப்பாளர்களும் அன்று ஓய்வாக இருந்தார்கள்.

மண்டப வாடகை எப்போதும் போல முந்தின நாள் மாலையிலிருந்தே தொடங்கியது. வழக்கமாக வரவேற்புக்குப் போகும் அந்த மாலையை ஒத்திகைக்கு வைத்துக்கொண்டோம். இதை இனி எல்லாக் கல்யாணத்திலும் செய்யச் சொல்வேன்.

மேடை

அதிக நேரம் எடுத்தது இதுதான்.

நம் மண்டபங்களில் தாலி கட்டும் நேரத்தில் மேடை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நடுவில் மணமக்கள். பின்னால் பெற்றோர், சுற்றி அத்தை, மாமா, சித்தப்பா. முன்னால் இரண்டு போட்டோகிராபர், இரண்டு வீடியோ கேமரா, அவர்களுக்கு விளக்குப் பிடிக்கும் பையன்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது சட்டை முதுகுகளை. மேளம் உச்சத்துக்குப் போவதை வைத்துத்தான் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டு அட்சதையைப் போடுகிறார்கள். பெற்றவர்களுக்கே பிள்ளைகளின் பின்னந்தலைதான் தெரியும்.

காது கேட்பவர்கள் இதைச் சத்தத்தால் ஈடுகட்டிக்கொள்கிறார்கள். அந்த அறுபது பேருக்கு அந்த வழி இல்லை. முகத்தையும் கையையும் பார்க்க முடியவில்லை என்றால் அவர்கள் வந்தும் வராதவர்களே.

எனவே மேடையின் வரைபடத்தை மாற்றினோம். மணமக்களின் மணை மேடையின் முன் விளிம்புக்கு வந்தது. பெற்றோர் நால்வரும் பின்னால் நிற்காமல், இரு ஓரங்களிலும் சாய்கோணத்தில் நாற்காலி போட்டு, மணமக்களின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மற்ற உறவினர்கள் பின்னால் வில்லாக வளைந்து நின்றார்கள். முன்பக்கம் முழுவதும் காலி. நாத்தனார் முடிச்சு போட அக்கா பின்னாலிருந்துதான் குனிய வேண்டும் என்பதால் அதற்கு இடைஞ்சல் இல்லை. கீழே காது கேளாத விருந்தினர்களுக்கு முன் வரிசைகள். அவையும் நேர்க்கோடாக இல்லாமல் லேசான பிறையாக இருந்தன. அப்படி இருந்தால்தான் ஒரே வரிசையில் இருப்பவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ள முடியும்.

போட்டோகிராபர் ஒத்துக்கொள்ள நேரமானது. "சார், தாலி ஷாட் முன்னாடி போகாம எடுக்க முடியாது" என்றார். அவர் கவலை நியாயமானது. நாளைக்கு ஆல்பத்தில் அந்தப் படம் இல்லை என்றால் திட்டு வாங்கப்போவது அவர்தான். முன்பக்கம் யாரும் வரக் கூடாது என்பது தங்கள் முடிவு என்று மணமக்கள் எழுதிக் கொடுத்தார்கள். மேடையின் இரண்டு கீழ்மூலைகளில் முழந்தாளிட்டு, தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70–200 லென்ஸில் எடுப்பதாக ஏற்பாடு. தாலிக் கயிற்றின் நெருக்கப் படம் பக்கவாட்டில்தான் கிடைத்தது. இருவருக்கும் அதில் குறை இல்லை.

பின்னணிக்கு டெகரேஷன்காரர் காட்டியவை எல்லாம் பூச்சுவர், மினுமினுக்கும் சீரியல் லைட், எல்இடி திரை. சைகை பேசும் கைக்குப் பின்னால் அப்படி ஏதாவது இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும். தோலின் நிறத்திலிருந்து விலகித் தெரியும், கோடும் பூவும் இல்லாத ஒற்றை நிறம் வேண்டும். கரும்பச்சைத் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, மேல் விளிம்பில் மட்டும் மல்லிகைச் சரம் விட்டோம். விளக்குகளை மேலேயிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்துவிட்டு, முன்பக்கம் இரு புறமும் உயரத்தில் வைத்தோம். தலைக்கு மேல் விளக்கு இருந்தால் முகத்தில் நிழல் விழும். பின்னால் இருந்தால் ஆள் வெறும் உருவமாகத் தெரிவார். சைகை மொழியில் பாதிப் பொருள் முகபாவத்தில் இருக்கிறது. புருவம் உயர்வதும் உதடு சுழிவதும் தெரியவில்லை என்றால் கேள்வியா செய்தியா என்றே புரியாது. மேடைக்குப் பின்னால் இருந்த இரண்டு ஜன்னல்களையும் தடித்த திரையால் மூடினோம்.

மணமகளின் புடவையும் இதே கணக்கில் வந்ததுதான். அவருக்குச் சுங்குடி மீது ஆசை. புள்ளி புள்ளியாக இருக்கும் உடலுக்கு முன்னால் கை அசைந்தால் தெளிவு குறையும் என்று மாமியார் சைகையில் செய்தே காட்டினார். ஒற்றை நீலத்தில், அகலக் கரையோடு ஒரு கைத்தறிப் பட்டு எடுத்தார்கள். சுங்குடியை மறுவீட்டுக்கு உடுத்திக்கொண்டார். கைக்கு வளையல் குறைவு, மாலையும் மெலிது. வழக்கமான கனத்த ரோஜா மாலை நெஞ்சை மறைத்துக்கொண்டு கைகளை அகல விடாது.

மணமகளின் அப்பா ஒத்திகையன்று வந்து பார்த்துவிட்டு, "மேடை வெறிச்சுன்னு இருக்கே தம்பி, வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்றார். அவர் மனக்குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மகள், ஊரே அவர் வீட்டுக் கல்யாணத்தைப் பேச வேண்டும் என்று இருபத்தைந்து வருடமாக நினைத்தவர். சம்பந்தியம்மா எழுந்து மேடைக்குப் போய் நின்று, அந்தப் பச்சைத் துணிக்கு முன்னால் அவரிடம் ஏதோ சொன்னார். மகள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. "புரியுதாப்பா?" என்று மட்டும் கேட்டார். பாதி புரிந்தது என்றார் அப்பா. வாசலில் இரண்டு வாழைமரமும் தோரணமும் கூடுதலாகக் கட்டச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், அரை மணி நேரம்

சுயமரியாதைத் திருமணங்களின் பெரிய சிக்கல் வாழ்த்துரை. மந்திரம் போன இடத்தை மைக் பிடித்துக்கொள்கிறது. தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், உள்ளூர்ப் பிரமுகர்கள் என்று ஒன்றரை மணி நேரம் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். பேசுகிறவர்கள் அன்பாகத்தான் பேசுகிறார்கள். மணமக்கள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே அதற்கு இயல்பாகவே ஓர் அணை விழுந்தது. சைகை மொழிபெயர்ப்பு மூளையையும் தோளையும் ஒருசேரப் பிழிந்தெடுக்கும் வேலை. இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே தொடர்ந்தால் பிழை கூடும். அதனால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் இருவராக வந்து மாறி மாறிச் செய்வார்கள். இரண்டு பேருக்கு ஏற்ற அளவாக வாழ்த்துரை மொத்தம் அரை மணி நேரம், ஐந்து பேர் மட்டும் என்று முடிவானது. ஐவரும் பேசப்போவதை முன்கூட்டியே எழுதித் தந்தார்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், பழமொழி எல்லாம் முதலிலேயே தெரிந்தால் மொழிபெயர்ப்பவருக்குத் தடுமாற்றம் இருக்காது. பேசுபவருக்குப் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளர் நின்றார். இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்க அதுதான் வசதி.

காது கேளாதவர்களின் பேச்சும் அந்த ஐந்தில் ஒன்று. அப்பாவின் பள்ளித் தோழர் சைகையில் வாழ்த்தினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் குரல் கொடுத்தார். அந்த நான்கு நிமிடமும் மொழிபெயர்ப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் கேட்கும் விருந்தினர்கள்தான். அவர் சொன்ன பள்ளிக்கூடக் கதைக்கு முன் வரிசைகள் முதலில் சிரித்தன, பின் வரிசைகள் இரண்டு நொடி தாமதமாகச் சிரித்தன. அந்தக் கல்யாணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

உறுதிமொழிக்கு வருவோம். பேச்சையும் சைகையையும் சேர்த்தே செய்துவிடலாம் என்பதே மணமக்களின் முதல் யோசனை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைத் தடுத்தார், சரியாகவே தடுத்தார். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தின் ஓட்டத்துக்கு இழுத்துக் கைகளை அசைத்தால் இரண்டும் கெடும். சைகையில் முகபாவம் செத்துவிடும், பேச்சில் இடைவெளி விழும். அதனால் முதலில் சைகையில் மட்டும், பிறகு தமிழில் மட்டும் என்று பிரித்தார்கள். சைகையில் சொல்லும்போது யாரும் குரல் கொடுக்க வேண்டாம் என்று மணமகன் கேட்டுக்கொண்டார். பொருள் எல்லோருக்கும் அழைப்பிதழிலேயே அச்சாகியிருந்தது. நான்கே வாக்கியங்கள். மனைவியாக, கணவனாக ஏற்கிறேன் என்பது முதல் வாக்கியம். மற்ற மூன்றும் அவர்கள் இருவருக்கும் உரியவை என்பதால் இங்கே எழுதவில்லை.

மணமகனின் அம்மா அதைப் பார்த்த முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. தாலிக்கு முன்னால் அவர் எழுந்து வந்து மகனின் தோளைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தது நிகழ்ச்சி நிரலில் இல்லாதது.

கொட்டு

மேளம் வேண்டாம் என்றுதான் மணமக்கள் நினைத்திருந்தார்கள். அம்மாச்சி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது: "கொட்டு இல்லாம தாலி ஏறுனா அது எனக்குக் கல்யாணமாப் படாதுடி. உன் மாமியாருக்குக் கேக்காதுன்னா எனக்கும் கேக்கக் கூடாதா?"

அவர் சொன்னதும் முழு நியாயம். ஒருவருக்காக இன்னொருவரை விலக்குவது இந்தக் கல்யாணத்தின் நோக்கம் இல்லையே. நாதஸ்வரக் குழுவிடம் பேசினோம். மேடை பலகையால் ஆனது. தவிலைத் தனி மேடைக்கு அனுப்பாமல் அதே பலகையின் மீது, மணமகனின் பெற்றோருக்கு அருகில் உட்கார வைத்தோம். ஒத்திகையன்று தவில்காரர் தட்டிக் காட்டியபோது அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பலகையில் பதித்தார். பிறகு இன்னும் பலமாக என்று கையால் கேட்டார்.

கெட்டிமேளத்துக்கு நாம் ஏற்கெனவே விரலை உயர்த்தி ஆட்டித்தான் சமிக்ஞை தருகிறோம். அதைச் செய்ய மணமகளின் தாய்மாமாவை மேடையின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினோம். அவர் விரல் உயர்ந்ததும் பின் வரிசை கைதட்டியது. முன் வரிசைகள் இரண்டு கையையும் தூக்கி விரல்களை விரித்து அசைத்தன. காது கேளாதோரின் கைதட்டல் அது. சிறிது நேரத்தில் பின் வரிசைக் குழந்தைகளும் அப்படியே செய்தார்கள்.

பந்தி

நீளமான மேசை, ஒரு பக்கம் மட்டும் ஆள், எதிர்ப்பக்கம் பரிமாறுபவர் நடக்கும் வழி. நம் பந்தியின் அமைப்பு இது. வேகமாகப் பரிமாற இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் தோளோடு தோள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் கை தெரியாது, வலது கை சோற்றில் இருக்கும். பேசிக்கொள்ள வழியே இல்லை. வருடக்கணக்கில் பார்க்காதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாய்மூடிச் சாப்பிட்டுவிட்டு எழ வேண்டியதுதான்.

எதிரெதிராக உட்கார வைக்கலாம் என்றால் பரிமாற வழி இல்லை. தோளுக்கு மேலிருந்து சாம்பார் ஊற்ற சமையல் மாஸ்டர் மறுத்துவிட்டார். கடைசியில் அவரே சொன்ன தீர்வு, சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு பகுதியில் மேசைகளை ப வடிவத்தில் போடுவது. வெளிப்பக்கம் ஆட்கள், உள்ளே பரிமாறுபவர். மூன்று பக்கமும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கலாம், ஒற்றைக் கையால் பேசிக்கொண்டே சாப்பிடலாம். பரிமாறும் பையன்களுக்கு நான்கைந்து சைகைகள் கற்றுக்கொடுத்தோம். போதும் என்பதற்கு மட்டும் எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இலைக்கு மேல் கையை விரித்து மறைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

குறையும் உண்டு. ப வடிவப் பகுதியில் இடம் அதிகம் தேவைப்பட்டதால் ஒரு பந்திக்கு உட்காரும் ஆட்கள் குறைந்தார்கள். இரண்டாம் பந்தி அரை மணி நேரம் தள்ளிப்போனது. வெயிலில் வந்த சில பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மறுபடி செய்தால் அந்தப் பகுதியைத் தனி வேளையில், முதல் பந்தியாகவே முடித்துவிடுவேன்.

மொய் மேசையில் பெயரும் ஊரும் சத்தமாகக் கேட்டு எழுதுவதுதான் வழக்கம். அங்கே துண்டுச்சீட்டும் பேனாவும் வைத்தோம். சரிபார்க்கும் வேலை குறைந்தது என்று மொய் எழுதியவரே பிறகு சொன்னார்.

அழைப்பிதழ் இரண்டு விதம். அச்சிட்டது ஒன்று. மற்றொன்று, மணமகனின் பெற்றோரே சைகையில் அழைக்கும் ஒன்றரை நிமிடக் காணொளி, வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அவர்களின் தோழர்கள் பலருக்கு எழுத்துத் தமிழைவிடச் சைகையே வசதி. தங்கள் மகன் கல்யாணத்துக்குத் தாங்களே நேராக அழைத்ததில் அந்த இருவருக்கும் இருந்த பெருமிதம் அச்சிட்ட அட்டையில் வந்திருக்காது.

கணக்கும் விளைவும்

மொத்தச் செலவு, அதே மண்டபத்தில் அதே எண்ணிக்கைக்கு ஆகும் வழக்கமான செலவைத் தாண்டவில்லை. மாலை வரவேற்பு இல்லாததால் ஒரு வேளைச் சாப்பாடு, இன்னிசைக் கச்சேரி, எல்இடி திரை, இரண்டாவது மேடை அலங்காரம் எல்லாம் மிச்சம். மொழிபெயர்ப்பாளர்களின் ஊதியமும் பயணமும், கூடுதல் விளக்குகள், ஒரு பேட்டரி விளக்கு ஆகியவை அதில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டன. மொழிபெயர்ப்பாளர் வேலையை நட்புக்காகச் செய்து தரச் சொல்லிக் கேட்பதை நான் ஏற்பதில்லை. நாதஸ்வரக்காரருக்கும் சமையலுக்கும் கூலி உண்டு என்றால் அவர்களுக்கும் உண்டு.

பேட்டரி விளக்கு வீண்போகவில்லை. வாழ்த்துரைக்கு நடுவே மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை கூடம் இருண்டது. விளக்கு மொழிபெயர்ப்பாளர் மீதே விழும்படி வைத்திருந்ததால் முன் வரிசைக்கு எதுவும் விட்டுப்போகவில்லை. மைக் இல்லாமல் தவித்தது பேசியவர்தான்.

நிரலில் இல்லாத ஒரு மாமா திடீரென்று மைக்கை வாங்கிப் பத்து நிமிடம் பேசினார். அவரை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டாவது மொழிபெயர்ப்பாளர் தன் இடைவேளையை விட்டுக்கொடுத்தார். மணமகன் எழுந்து மாற்றிச் சொல்லக் கையைத் தூக்கியபோது மணமகள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தார்.

மண்டபத்தை மூன்று மணிக்குக் காலி செய்ய வேண்டும். அப்பாவின் பள்ளித் தோழர்கள் கிளம்பவே இல்லை. காது கேளாதோர் கூடும் இடங்களில் விடைபெறுவது எப்போதும் நீண்டுகொண்டே போகும். தினமும் சந்திக்க முடியாத, தங்கள் மொழி பேசும் ஆட்கள் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். இதை எதிர்பார்த்து மண்டப முற்றத்துப் பந்தலை மட்டும் ஆறு மணி வரை தனியாகப் பேசி வைத்திருந்தோம். நாற்காலிகளும் தேநீரும் அங்கே இருந்தன. அந்தச் சிறு வாடகை, முழுக் கல்யாணத்திலும் சிறந்த செலவு என்று மணமகனின் அப்பா பிறகு சொல்லியனுப்பினார்.

திருமணப் பதிவை இரண்டு வாரத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்தார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி எந்த முறையில் நடந்த திருமணமும் 90 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கு இதை இன்னும் அவசியமாகக் கருதுகிறேன். புரோகிதரோ கோயில் ரசீதோ இல்லாதபோது அந்தச் சான்றிதழும், உடனிருந்தவர்களும், நிகழ்ச்சிப் பதிவுமே ஆதாரம்.

இப்போது என்னிடம் வருபவர்களுக்கு ஒரு காகிதம் கொடுக்கிறேன். உங்கள் கல்யாணத்தின் எந்த ஐந்து நிமிடத்தை, எந்த ஐந்து பேர் தெளிவாகப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்று இருவரும் தனித்தனியாக எழுதுங்கள் என்பேன். போன மாதம் வந்த ஒரு ஜோடியில் மணமகள் எழுதிய முதல் பெயர், சக்கர நாற்காலியில் இருக்கும் அவருடைய சித்தி. அவர்கள் பார்த்து வைத்திருந்த மண்டபத்தில் மேடைக்குப் பத்துப் படிகள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த மண்டபத்தை விட்டுவிட்டு, மேடையே இல்லாத ஒரு கூடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.